ஹெஸ்டர் சாப்பிடும் நேரம்

கதவைச் சாத்தியாகிவிட்டது. இனி ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிக்கும் நேரத்துக்கு யாரும் உள்ளே போகக் கூடாது, சாவித் துவாரத்தில் கண்ணை வைக்கக் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. உள்ளே அவள் வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆரணியில் எங்கள் வீட்டில் அப்படித்தான். வீட்டுச் சாமிக்குப் படையல் போட்டு, புதுத் துணி வைத்து, சாம்பிராணி காட்டி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுவோம். பிறகு அம்மா மூன்று தட்டுத் தட்டி, ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் திறப்பாள். சாப்பிடுகிறவள் கூச்சப்பட்டு எழுந்து போக அவகாசம் கொடுக்க வேண்டுமாம். இங்கே ஹோபார்ட்டில் வெற்றிலைக்கு நான் எங்கே போவேன்? வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து நாற்காலியில் என் மாமியார் மார்ஜரி, தொண்ணூறு வயது, முன்னால் பிடித்து நடக்கிற வாக்கரை நிறுத்தி அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பதைப் போல. தெருக்கதவின் வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்து தரையில் ஒரு சிவப்புத் துண்டும் ஒரு பச்சைத் துண்டும் கிடக்கின்றன. மலையில் இருந்து காற்று வந்து கதவைத் தள்ளும்போதெல்லாம் அவை கொஞ்சம் நடுங்கிவிட்டுத் திரும்ப அடங்குகின்றன. மடியில் போன். போன் அடிக்கக் கூடாது. அடித்தால் எழில். எழில் என்றால் என் ஒரே பெண், ஏழாம் மாசம், ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கை. இதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருக்கிறார்கள், தையல் தாங்கும் என்று எனக்குத் தெரியும், முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவளுக்குத் தெரியாதா, தெரியும்தான், தெரிந்து என்ன செய்ய. என் வீட்டுக்காரர் கீத் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றென்றால் கூப்பிடுவார். கூப்பிடவில்லை என்றால் நல்லது. நல்லதுதான். போனைக் கவிழ்த்து வைக்கிறேன், உடனே திருப்பி வைக்கிறேன்.

சாம்பிராணிப் புகை கதவிடுக்கு வழியாகக் கசிந்து கம்பளத்தின் மேல் ஊர்கிறது. புகை மணியின் பேட்டரியை நேற்றே கழற்றிவிட்டேன். போன ஆடியில் மறந்துபோய், கேப்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அது அலற ஆரம்பித்து, கீத் துடைப்பத்தோடு ஓடி வந்து, பாவம் கேப்டன். கேப்டனை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று இருக்கிறது. கீத்தைக் கட்டிக்கொள்கிறேன் என்று ஊருக்கு எழுதியபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "அவங்க வீட்டுச் சாமி யாரு?" வெள்ளைக்காரன் வீட்டில் வீட்டுச் சாமி ஏதப்பா என்றேன். "நதிமூலம் ரிஷிமூலம் கேக்கக் கூடாதும்மா, ஆனா மாப்ள மூலம் கேட்டுத்தான் ஆகணும். செத்தவங்க இல்லாத வீடு உண்டா? யாராவது ஒருத்தர் இருப்பாங்க. கேட்டு வை." நியாயம்தான். வாழப் போன வீட்டின் முன்னோர்தானே இனி எனக்கு. அதனால் கல்யாணமான முதல் மாசமே மாமியாரிடம் கேட்டேன், இந்தக் குடும்பத்தின் பெயருக்கு மூலம் யார், முதலில் இந்தத் தீவுக்கு வந்தவர் யார் என்று. அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. பிறகு நகர்ந்தது. ஹாலில் மாட்டியிருந்த கப்பல் படத்தைக் காட்டி, கேப்டன் ஹாலட் என்றார். அவ்வளவுதான். நான் பிடித்துக்கொண்டேன். முப்பது வருஷத்துக்கு மேலாக ஆடி தவறாமல் அந்தக் கப்பல் படத்துக்கு மாலை போட்டு, எட்டு முழ வேட்டி, ஒரு சுருட்டு, ஒரு டம்ளர் பிராந்தி. பிராந்தி பிரசாதத்தைக் கீத் பக்தியோடு குடிப்பார். வேட்டியை வருஷம் முழுக்கத் தோட்டத்தில் கட்டிக்கொண்டு புல் வெட்டுவார். அத்தை ஒவ்வொரு வருஷமும் இதே நாற்காலியில் இப்படியே உட்கார்ந்து, இல்லாத ஒரு மனுஷனுக்கு நான் பிராந்தி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம். அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். பெயர் சொல்லிக் கூப்பிட நாக்கு வரவில்லை, முதல் வருஷம் முழுக்கக் கூப்பிடாமலே சமாளித்தேன், பிறகு ஒருநாள் அடுப்பில் பால் பொங்கியபோது வாயில் இருந்து தானாக விழுந்தது, அத்தை. அவரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் திரும்பிப் பார்த்தார்.

எழிலுக்கு இரண்டாவதும் போன பிறகு எனக்குப் புத்தி ஒரு நிலையில் இல்லை. வார்டில் எத்தனை பெண்களுக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன், இது யார் குற்றமும் இல்லை அம்மா, உடம்பின் சமாசாரம் என்று. என் பெண் மூன்றாவது முறை உண்டாகி, ஆறாம் மாசம் ரத்தம் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, அடுப்படியில் நின்றுகொண்டு, கேப்டனுக்கு ஏதோ குறை இருக்கிறது அத்தை, இந்த முறை கிடா வெட்டின கறியாக வாங்கிப் பெரிய படையலாகப் போடப் போகிறேன் என்றேன். அப்போதுதான் அவர் சொன்னார். அவர் பேசுவது இங்கிலீஷ்தான். இத்தனை வருஷத்தில் என் காதுக்குள் அது ஆரணித் தமிழாகத்தான் விழுகிறது. "குணவதி, கேப்டனெல்லாம் யாரும் இல்லை. எப்பவும் இருந்ததில்லை. ஒரு பொண்ணு இருந்தா." அடுப்பை அணைத்தேன். "கைதி. இங்கிலாந்துல திருடினதுக்குக் கப்பல்ல ஏத்தி இங்க அனுப்பிட்டாங்க. இங்க ஜெயில்ல பிள்ளை பெத்தா. அப்பன் யாருன்னு தெரியாது. ஹாலட்ங்கிறது அவ பேரு. இந்த வீட்டுக்குப் பேரே அவ பேருதான்." ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். வீட்டுக்கு வந்த மருமகள்களிடம் மட்டும் மாமியார் சொல்ல வேண்டும், ஆண்பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது, அதுதான் இந்த வீட்டு வழக்கமாம். அவருக்கு அவர் மாமியார் துணி காயப்போடும்போது சொன்னாராம். அப்படியானால் எனக்கு? நான் மருமகள் இல்லையா? அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது, இப்போதும் குத்துகிறது, பொய் சொல்வானேன். "நீ வந்த முதல் மாசமே உங்க வீட்ல செத்தவங்க சாமின்னு சொன்ன. எங்க வீட்ல செத்தவ திருடி. உங்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?" என்றார் அத்தை.

எழிலுக்குச் சொன்னதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். கட்டிலில் படுத்தபடியே போனில் தேட ஆரம்பித்துவிட்டாள். "அம்மா, இப்பல்லாம் இது பெருமைம்மா. எங்க ஆபீஸ்ல கைதி தாத்தா இருக்கறவங்க சட்டையில பேட்ஜ் குத்தாத குறை." ஒரு மத்தியானத்தில் கண்டுபிடித்துவிட்டாள். ஹெஸ்டர் ஹாலட், பத்தொன்பது வயது, ஐந்தடிக்கும் குறைவான உயரம், பழுப்பு முடி, முகத்தில் அம்மைத் தழும்பு. என் சொந்தக் கொள்ளுப்பாட்டன் குட்டையா நெட்டையா என்று எனக்குத் தெரியாது, திருடியின் உயரம் எனக்குத் தெரிகிறது. திருடியது ஒரு துண்டு பூப்போட்ட சீட்டித் துணி, ஒரு கவுன் தைக்கிற அளவு. அதற்கு ஏழு வருஷம். அதற்கு ஒரு கடல். எழில் படித்துக் காட்டியபோது அறையில் எல்லோரும் சிரித்தார்கள், துணியா, வெறும் துணியா என்று. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன், எதற்கோ, எதற்கு என்று மறந்துபோய் நின்றேன், அடுக்கடுக்காகப் புடவை, கட்டாத புடவை, மடிப்புக் கலையாத புடவை, அந்துருண்டை வாசனை. எங்கள் பக்கத்தில் வீட்டுச் சாமியைப் பூவாடைக்காரி என்போம். அவளுக்குப் பொன்னும் வேண்டாம் பொருளும் வேண்டாம், வருஷத்துக்கு ஒரு புதுத் துணி. அதைப் படையலில் வைத்தெடுத்து வீட்டுப் பெண் கட்டிக்கொண்டால் வயிறு குளிரும், பிள்ளை தங்கும். துணிக்காகக் கப்பல் ஏறியவளுக்கு நான் இத்தனை வருஷமாகத் துணி தரவில்லை. ஆம்பிளை வேட்டியும் சுருட்டும் வைத்திருக்கிறேன். அவள் வந்து பார்த்திருப்பாள். ஒவ்வொரு ஆடியிலும் வாசல் வரை வந்து, வேட்டியைப் பார்த்துவிட்டு, இது எனக்கில்லை என்று திரும்பிப் போயிருப்பாள். திரும்பிப் போகிறவள் எதை எடுத்துக்கொண்டு போனாள்? இப்படி நினைக்கக் கூடாது. நர்ஸ் இப்படி நினைக்கக் கூடாது. தையல் தாங்கும்.

அத்தையின் தலை மெல்லச் சாய்கிறது. தூக்கமா, இல்லை, கண் திறந்துதான் இருக்கிறது, தரையில் கிடக்கும் சிவப்புத் துண்டைப் பார்க்கிறார். நடைவழி நீளமாக இருட்டாக இருக்கிறது. காற்றுக்குப் பலகை முனகுகிறது. கப்பலின் அடித்தளமும் இப்படித்தான் முனகியிருக்கும். மாசக்கணக்கில் தண்ணீர், தலைக்கு மேலே யாரோ நடக்கிற சத்தம், பக்கத்தில் இன்னொருத்தியின் முழங்கை, அவள் முடி வாசனை, எப்போது பகல் எப்போது ராத்திரி. நான் வந்தபோது விமானத்தில் ஜன்னலோரம். எனக்கும் பகல் எது ராத்திரி எது என்று தெரியவில்லை. ஒரு தட்டில் ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்தார்கள், அழுதுகொண்டே தின்றேன், ஏன் அழுகிறாய் என்று பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார், காரம் என்றேன், வெண்ணெயில் ஏது காரம். உள்ளே இலையில் வெள்ளை ரொட்டியும் வெண்ணெயும் இருக்கிறது. அத்தை சொல்லித்தான் வைத்தேன். கறிக்குழம்பு, உளுந்து வடை, கொழுக்கட்டை, ஓரத்தில் ரொட்டி, ஒரு கப் தேநீர், சர்க்கரை தூக்கலாக. குழம்பில் மிளகாயைக் குறைத்திருக்கலாம். அவள் மிளகாயை எங்கே கண்டாள். கண்ணில் தண்ணீர் வந்தால் என்ன நினைத்துக்கொள்வாள்? எங்கள் ஆரணி வீட்டுச் சாமிக்குச் சின்னத்தாயி என்று பெயர். தாத்தாவின் சித்தி முறை, வாழ வந்தவள். ஓரகத்தியின் மூக்குத்தியைக் காணோம் என்று அவளைப் பிடித்துக்கொண்டார்கள். முந்தானையை உதறச் சொன்னார்கள், வாயைத் திறக்கச் சொன்னார்கள். அன்றைக்கே கொல்லைக் கிணற்றில் விழுந்துவிட்டாள். மூக்குத்தி பின்னால் நெல் அளக்கிற மரக்காலின் இடுக்கில் கிடைத்ததாம். அதற்கப்புறம் அந்த வீட்டில் பிள்ளை நிற்கவில்லை. பயந்துபோய் புடவை வைத்தார்கள், காலில் விழுந்தார்கள், தாயே என்றார்கள். உயிரோடு இருந்தவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும், நீ எடுத்தாயா என்று. பயம் வந்தபின் பக்தி வருகிறது, அன்பு எப்போது வரும்? அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் கிணற்றோடு நிறுத்திவிடுவார். நான் சின்னப் பெண், கிணற்றை எட்டிப் பார்ப்பேன், என் தலைதான் தெரியும், கறுப்பாக, வட்டத்துக்குள்.

அவள் பிள்ளை பெற்ற சிறையில் தொட்டில் அறை என்று ஒன்று இருந்ததாம், குளிர், ஈரம், வரிசையாகப் பிள்ளைகள். நிறையச் செத்தன. ஹெஸ்டருக்கு மூன்று பிறந்து ஒன்று நின்றது. அந்த ஒன்றுதான் கீத்தின் பாட்டனுக்குத் தகப்பன், அவன்தான் வளர்ந்தபின் கப்பல் படத்தை வாங்கி மாட்டிக் கேப்டனை உண்டாக்கியவன். மூன்று பிறந்து ஒன்று. எழிலுக்கும் இது மூன்றாவது. இந்தக் கணக்கைப் போடாதே என்று சொல்கிறேன், மனசு திரும்பத் திரும்ப அங்கேயே போய் நிற்கிறது, நூல்கண்டில் சிக்கு விழுந்த இடத்துக்கே விரல் போவதைப் போல. இரண்டு போனது அவளுக்கும், இரண்டு போனது என் பெண்ணுக்கும், அப்படியானால் மூன்றாவது நிற்கும், நிற்கத்தானே வேண்டும். அவளுக்குத் தெரியாதா அந்த வலி? தெரிந்தவள் கொடுப்பாளா, எடுப்பாளா? அம்மா ஹெஸ்டர், உன் பெயர்தான் என் பெண்ணுக்கும். எழில் ஹாலட். இங்கே யாருக்கும் அந்த முதல் பெயர் வாயில் நுழையாது, பின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டையில்கூட உன் பெயர்தான் முதலில் இருக்கிறது. பார்த்துக்கொள்.

அத்தைக்குத் தெரிந்தது எழில் போனில் தேடியதில் இல்லை. படையலுக்குத் துணி எடுக்கப் போன அன்று காரில் சொன்னார். "கடை வாசல் வரைக்கும் வந்துட்டாளாம். ஒரு கால் தெருவுல. கடைக்காரன் பொண்டாட்டி பின்னாடி வந்து தோளப் புடிச்சிட்டா." அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் ஹெஸ்டர் எந்தக் கடைக்குள்ளும் காலை வைக்கவில்லையாம். விடுதலையாகி, இந்த ஊரிலேயே துணி வெளுத்துப் பிழைத்தவள், மாவு வேண்டுமானாலும் உப்பு வேண்டுமானாலும் மகனைத்தான் உள்ளே அனுப்புவாள், தான் தெருவில் நிற்பாள், மழையானாலும் தெருவில்தான். சொல்லிவிட்டு அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துணிக்கடை வாசலில் வாக்கரை நிறுத்தி, அந்த நிலைப்படியையே ரொம்ப நேரம் பார்த்தார். நான் கையைப் பிடித்தேன். உள்ளே எத்தனை துணி, சுருள் சுருளாக. வெள்ளையில் சின்னச் சிவப்புப் பூவும் பச்சைக் கொடியும் ஓடுகிற பருத்தி ஒன்றை அத்தைதான் தொட்டார், நான் புடவை நீளத்துக்கு வெட்டச் சொன்னேன். வெட்டுகிற பெண், ஜன்னல் திரைக்கா என்று கேட்டாள். "எங்க வீட்டுப் பொண்ணுக்கு," என்றார் அத்தை. "ரொம்ப நாளாக் காத்திருக்கா." பணத்தைக் கொடுத்து, பில்லை எப்போதும் போல் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். பின்னால் அத்தை வாக்கரைப் பிடித்தபடி குனிந்து கூடைக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரச் சிக்கனம், எதையும் தூக்கிப் போட மனசு வராது, நூல்கண்டு சுற்றிய அட்டையைக்கூடச் சேர்த்து வைப்பார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பயம் எனக்கு அன்றிலிருந்தே. பூப்போட்ட துணியைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைக்கிறேனே, குத்திக்காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டால்? பட்ட இடத்திலேயே தொடுகிறாயே என்று? காலையில் கேட்டேன், வெறும் வெள்ளையாக வைத்துவிடலாமா அத்தை என்று. "பூதான் கேட்டா. பூவையே குடு," என்றார். பிறகு நான் சாம்பிராணிக்குத் தணல் எடுக்க அடுப்படிக்குப் போனபோது, உள்ளே ஒரு நிமிஷம் தனியா இருந்துக்கறேன் என்றார். நான் திரும்பி வரும்போது அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துகொண்டிருந்தார். இலையில் ரொட்டியைத் திருத்தி வைத்திருப்பார், எதையும் நேராக வைக்காவிட்டால் அவருக்கு ஆகாது.

போன் மடியில் துடிக்கிறது. அடிக்கவில்லை, செய்திதான். கண்ணாடியைத் தேடி, கண்ணாடி தலையில் இருக்கிறது, தலையில் இருந்து எடுத்து மாட்டி, எழுத்து நிலைக்க ஒரு யுகம் ஆகிறது. கீத். தூங்குகிறாள், டாக்டர் பார்த்துவிட்டுப் போனார், நேற்று மாதிரியேதான் இருக்கிறது, நேற்று மாதிரியே இருப்பது நல்லது என்றார். நேற்று மாதிரியே. இப்படி ஒவ்வொரு நாளாக நேற்று மாதிரியே ஓடிவிட்டால் போதும் தாயே, வேறு ஒன்றும் கேட்கவில்லை. அத்தை புருவத்தை உயர்த்திக் கேட்கிறார். தலையை ஆட்டுகிறேன். அவர் கை வாக்கரில் இருந்து இறங்கி என் கை மேல் வந்து உட்கார்கிறது, காகிதம் மாதிரித் தோல், சில்லென்று. இத்தனை வருஷத்தில் இந்தக் கை தானாக என் மேல் எத்தனை முறை வந்திருக்கிறது? கோபம் இருக்கிறது அத்தை. இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாழ வந்த வீட்டின் மானத்தை மூட்டை கட்டி, தொண்ணூறு வயது வரைக்கும் தலையில் சுமந்திருக்கிறீர்கள். எங்கள் ஊரில் என்றால் உங்களைத்தான் மருமகள் என்று காட்டியிருப்பார்கள். கிராம்பு கரைந்துவிட்டது. நாக்கு மரத்திருக்கிறது. போதும், சாப்பிட்டிருப்பாள்.

எழுந்து போய்க் கதவைத் தட்டுகிறேன். ஒன்று. இரண்டு. மூன்று. "வரலாமாம்மா?" என்று தமிழில் கேட்டுவிட்டேன். அவளுக்கும் என் மாமியாரைப் போலப் பழகிவிடும். திறந்தால் புகை. விளக்கு அசையாமல் எரிகிறது. இலையில் எல்லாம் வைத்தது வைத்தபடி, கறிக்குழம்பில் ஆவி அடங்கியிருக்கிறது, தேநீரின் மேல் மெல்லிய ஏடு. துணி மடித்தபடி முறத்தில் இருக்கிறது, மேலே ஒரு முழம் பூ. பூவுக்கும் துணிக்கும் நடுவில் ஏதோ வெள்ளையாக. குனிந்து பார்க்கிறேன். கடைப் பில். நான் கசக்கி எறிந்தது. ஒவ்வொரு சுருக்கமும் நகத்தால் நீவி நீவித் தேய்த்து, நேராக, பணம் கட்டிய எழுத்து மேலே தெரிகிற மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்த உடனே யார் கண்ணிலும் படுகிற மாதிரி. அப்படியே முறத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அழுகை அடிவயிற்றில் இருந்து வந்தது, நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் இல்லை.

பின்னால் வாக்கர் உரசுகிற சத்தம். நிலைப்படியில் நின்றுவிட்டது. உள்ளே வரவில்லை.

"வந்தாளா?"

"வந்தா அத்தை."

"துணிய எடுத்துக்கிட்டாளா?"

"எடுத்துக்கிட்டா."

பிறகு மிகவும் சின்னக் குரலில், "வாசல்ல யாராவது அவள நிறுத்தினாங்களா?"

"இல்ல அத்தை. யாரும் நிறுத்தல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழிலுக்குக் கொண்டுபோக வேண்டிய பையை எடுத்து, துணியை வைத்தேன். அதன் மேல் பில்லையும் வைத்தேன்.